அடைக்கோழியின் கடமையும் நமது கடமையும்

கிராமங்களில் கோழி இல்லாத வீடு குறைவு. நிலமில்லாத குடும்பங்களிலும் நாலைந்து பெட்டைக் கோழிகளும் அவற்றைக் கவிழ்த்து மூட ஒரு பஞ்சாரமும் இருப்பதைக் காணலாம். கோழியால் வரும் வரும்படி பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் கையையே சேருகிறது. பிள்ளைக்கு நோட்டுப் புத்தகம் வாங்கவும், திடீரென வந்த காய்ச்சலுக்கு மருந்து வாங்கவும், உறவினர் வீட்டு விசேஷத்திற்கு மொய் எழுதவும் இந்தச் சிறுவாட்டுப் பணமே கைகொடுக்கிறது. இந்தச் சிறு தொழிலுக்கு மூலதனமாக இருப்பது அடைக்கோழி.

ஆயினும், அடை வைத்த வீடுகளில் விசாரித்தால் நமக்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒரே விதமாகவே இருக்கிறது. "பன்னிரண்டு முட்டை வைத்தோம், ஏழு பொரித்தது, அதிலும் காக்கை கொண்டுபோனது, கழிச்சல் கொண்டுபோனது போக இரண்டு மிஞ்சியது" என்பார்கள். இந்தக் கணக்கை நாம் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். பன்னிரண்டில் பத்து வீணாயின. அந்தப் பத்து முட்டைகளையும் விற்றிருந்தால் அன்றே பணமாகியிருக்கும்; பிள்ளைகளுக்குக் கொடுத்திருந்தால் நல்ல உணவாகியிருக்கும். கோழி மூன்று வாரம் அடையிலும், அதன்பின் பல வாரம் குஞ்சுகளோடும் கழித்து முட்டையிடாமல் இருந்த நஷ்டம் வேறு.

இதற்குக் காரணம் கேட்டால், கோழி ராசியில்லாதது என்றோ, இடி இடித்து முட்டை கெட்டது என்றோ சொல்வதுண்டு. உண்மையில் குறை கோழியினிடத்தில் இருப்பது அபூர்வம். அடையிலிருக்கும் 21 நாட்களில் கோழி செய்ய வேண்டியதை அது பெரும்பாலும் சரிவரவே செய்துவிடுகிறது. அந்த 21 நாட்களுக்கு முந்திய இரண்டு வாரமும், பிந்திய எட்டு வாரமும் நமது பொறுப்பு. நஷ்டம் பெரும்பாலும் இந்த இரு பகுதிகளிலேயே நேருகிறது. இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கோழி செய்யும் பணி

முட்டையில் கரு வளர்வதற்கு ஏறக்குறைய 37.5 டிகிரி சென்டிகிரேடு வெப்பம் வேண்டும். கோழியின் உடல் வெப்பம் சுமார் 41 டிகிரி. அடை கொள்ளும் கோழி தன் மார்பின் அடிப்பகுதி இறகுகளை உதிர்த்து, வெறும் தோல் முட்டையின்மேல் படும்படி அமர்கிறது. அந்தத் தோலில் இரத்த ஓட்டம் மிகுந்திருப்பதால், வேண்டிய வெப்பம் முட்டைக்கு நேராகச் சேருகிறது. நாளில் பல தடவை அலகாலும் உடலசைவாலும் முட்டைகளைப் புரட்டுகிறது. ஓரத்தில் இருப்பவற்றை நடுவிலும் நடுவில் இருப்பவற்றை ஓரத்திலும் மாற்றுகிறது. இவ்வாறு புரட்டாவிடில் கரு ஓட்டின் உட்புறச் சவ்வோடு ஒட்டிக்கொண்டு மடியும். நாளுக்கு ஒரு தடவை கால்மணி நேரம் எழுந்து, இரை தின்று, நீர் குடித்து, எச்சமிட்டுத் திரும்புகிறது. அந்தச் சிறு இடைவெளியால் முட்டைக்குக் கெடுதல் இல்லை.

இந்தக் குணம் கோழியின் மூளையடியிலுள்ள சுரப்பியில் ஊறும் புரோலாக்டின் என்னும் பொருளால் உண்டாகிறது என்று விஞ்ஞானிகள் கண்டிருக்கின்றனர். அது மிகும்போது முட்டையிடுதல் நின்று அடைகாக்கும் விருப்பம் பிறக்கிறது. முட்டை உற்பத்தியே குறிக்கோளாகத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒயிட் லெகார்ன் போன்ற இனங்களில் இக்குணம் ஏறக்குறைய மறைந்துவிட்டது. ஐதராபாத்திலுள்ள கோழி ஆராய்ச்சி இயக்ககம் கிராமங்களுக்கென உருவாக்கிய வனராஜா, கிராமப்பிரியா ஆகிய கோழிகளும் பொதுவாக அடைக்கு அமர்வதில்லை. ஆகவே உயர் ரகம் வளர்ப்போரும் தம் கோழிகளோடு இரண்டு மூன்று நாட்டுப் பெட்டைகளை விட்டுவைப்பது நலம். மின்சாரம் வேண்டாது, ஆள் காவல் வேண்டாது, பொரித்த குஞ்சுக்கு இரை காட்டிக் கொடுக்கவும் செய்யும் யந்திரம் வேறு இல்லை.

முட்டையின் வயது

நாம் முதலாவதாகக் கவனிக்க வேண்டியது முட்டையின் வயதாகும். பொரிப்புக் குறைவதற்குப் பிற காரணங்களைக் காட்டிலும் இதுவே பெரும்பாலான வீடுகளில் முதற்காரணமாக இருக்கிறது.

கோழி ஒரு முட்டைக்கும் அடுத்த முட்டைக்கும் இடையே ஒரு நாளோ, அதற்குச் சற்று மேலோ எடுத்துக்கொள்கிறது. நாட்டுக்கோழி இடையிடையே ஒரு நாள் தவறுவதும் உண்டு. எனவே பன்னிரண்டு முட்டை சேர்வதற்கு இரண்டு வாரத்திற்கு மேலாகிவிடும். அதன்பின் கோழி அடைகொள்ளும்போது கடைசி முட்டைக்கு வயது ஒரு நாள். முதல் முட்டைக்கு வயது பதினைந்து நாளுக்கு மேல். நாமோ பன்னிரண்டையும் ஒன்றுபோலவே கருதி வைத்துவிடுகிறோம்.

முட்டை இடப்படும்போதே அதில் உயிர் வளரத் தொடங்கிவிட்டது என்பதைப் பலர் அறியார். கரு கூடிய முட்டை ஏறக்குறைய ஒரு நாள் கோழியின் வயிற்றுக்குள்ளேயே, 41 டிகிரி வெப்பத்தில் இருக்கிறது. அந்நேரத்திற்குள் கரு பல்லாயிரம் நுண்ணறைகளாகப் பிரிந்துவிடுகிறது. வெளியே வந்து குளிர்ந்ததும் அது வளர்ச்சியை நிறுத்தி உறங்குகிறது. முட்டை சுமார் 20 டிகிரிக்குக் கீழே இருந்தால் இந்த உறக்கம் கலையாது. ஆதலால்தான் குஞ்சு பொரிப்பகங்களில் முட்டைகளைக் குளிர்ந்த அறையில் வைக்கிறார்கள்.

நம் வீடுகளில் சித்திரை, வைகாசி மாதங்களில் உள்ளறையிலும் 30 டிகிரிக்கு மேல் வெப்பம் இருக்கும். அந்த வெப்பத்தில் கரு உறங்கவும் இயலாது, முறையாக வளரவும் இயலாது. அரைகுறையாக வளர்ந்து, பகலில் ஒரு வெப்பமும் இரவில் ஒரு வெப்பமுமாகத் தாக்குண்டு, நாளடைவில் வலுவிழந்து மடிகிறது. இவ்வாறு முன்னரே மடிந்த முட்டையைத்தான் நாம் பதினைந்தாம் நாள் கோழிக்கு அடியில் வைத்து, 21 நாள் காத்திருந்து, கூமுட்டை என்று எறிகிறோம். கோடையில் வைத்த அடை பலிப்பதில்லை என்னும் பெரியோர் வாக்குக்கு இதுவே காரணமாகும்.

ஆதலின், கீழ்க்கண்டவாறு செய்தல் வேண்டும்.

முதலாவது, முட்டை இட்ட அன்றே அதை எடுத்து, பென்சிலால் தேதியை மெல்லக் குறித்து வைக்க வேண்டும். எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் கோழி இடத்தை மாற்றி வேலியோரம் போய் இடத் தொடங்கும். ஆதலால் முதலில் இட்ட இரண்டு முட்டைகளை அடையாளத்தோடு கூட்டிலேயே விட்டுவைக்கலாம். அவை அடைக்கு வேண்டாதவை.

இரண்டாவது, குளிர்ந்த மாதங்களில் ஒரு வாரத்திற்கு உட்பட்ட முட்டைகளையும், கோடையில் நாலைந்து நாட்களுக்கு உட்பட்டவற்றையுமே அடைக்கு வைக்க வேண்டும். முந்தி இட்டவற்றை உண்ணலாம், அல்லது உடனுக்குடன் விற்கலாம். இவ்வகையில் குடும்பத்திற்கு ஏழெட்டு முட்டை உணவாகக் கிடைக்கிறது, அடைக்கும் நஷ்டமில்லை. அடைக்கு முட்டை போதாவிடில், அதே வாரத்தில் வீட்டிலுள்ள வேறு கோழியோ அண்டை வீட்டுக் கோழியோ இட்ட முட்டைகளைச் சேர்த்துக்கொள்ளலாம். கோழி தன் முட்டை, பிறர் முட்டை என்று பேதம் பார்ப்பதில்லை.

மூன்றாவது, வைக்கும் இடம் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். அரிசிப் பானையும் பரணும் அதற்கு ஏற்றவையல்ல. அகன்ற மண்தொட்டியில் பாதியளவு ஆற்றுமணலை இட்டு, நாள்தோறும் நீர் தெளித்து, அதன்மேல் ஒரு மண்சட்டியை அமர்த்தி, சட்டிக்குள் முட்டைகளைத் தடித்த பக்கம் மேலாக இருக்கும்படி அடுக்கி, ஈரச் சாக்கினால் தொட்டியின் வாயை மூடிவைக்கலாம். முட்டையின்மேல் நேராக நீர் படலாகாது. குளிர்பதனப் பெட்டியின் குளிர் கருவுக்கு மிகையாகையால், அதில் வைப்பதும் ஆகாது.

நான்காவது, அழுக்குப் பட்ட முட்டையை நீரில் கழுவலாகாது. ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான துளைகள் உண்டு. அவற்றை மூடிக் காக்கும் மெல்லிய பூச்சு கழுவும்போது போய்விடுகிறது. நோய்க் கிருமிகள் உட்புகுகின்றன. சிறிது அழுக்கெனில் உலர்ந்த துணியால் துடைக்கலாம். மிக அழுக்கானதையும், விரிசல் கண்டதையும், மிகப் பெரியதையும், மிகச் சிறியதையும், கோணலானதையும் விலக்க வேண்டும்.

சேவலின் பங்கு

முட்டை கரு கூடியதாயிருக்கச் சேவல் வேண்டும் என்பது எவரும் அறிந்ததே. எட்டு முதல் பத்துப் பெட்டைகளுக்கு ஒரு நல்ல சேவல் போதுமானது. சேவலோடு ஒருமுறை சேர்ந்த பெட்டை ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் வரை கரு முட்டை இடும்; அதற்குமேல் எதிர்பார்க்கலாகாது. பண்டிகை நெருங்கியதும் தெருவிலுள்ள சேவல்கள் அனைத்தையும் விற்றுவிட்டு, அடுத்த மாதம் அடை வைத்துவிட்டு, பொரிக்கவில்லையே என்று வருந்துவதில் பயனில்லை. அன்றியும், ஒரே சேவலைப் பல ஆண்டுகள் வைத்திருந்தால் அது தன் குஞ்சுகளின் குஞ்சுகளோடும் சேர்ந்து, வம்சம் நலிந்து, பொரிப்பும் குஞ்சின் வலுவும் குறையும். ஆண்டுக்கொரு முறை அடுத்த ஊரிலிருந்து, உறவில்லாத சேவல் ஒன்றைக் கொண்டுவந்து மாற்றிக்கொள்வது சிறந்தது.

கோழியும் கூடையும்

இரவிலும் கூட்டை விட்டு நீங்காமல், இறகைச் சிலிர்த்து, நெருங்கும் கையைக் கொத்தும் கோழியே உண்மையாக அடைகொண்ட கோழி. அதனை இரண்டு நாள் பழைய முட்டைகளின்மேலோ, முட்டை வடிவக் கற்களின்மேலோ உட்கார வைத்துச் சோதித்த பின்னரே நல்ல முட்டைகளை ஒப்படைக்க வேண்டும். முன்பு அடைகாத்துப் பழகிய, நடுத்தர உடலுள்ள கோழி விரும்பத்தக்கது. மிகக் கனத்த கோழி முட்டையை உடைக்கும். கோழியின் உடல் நன்கு மூடக்கூடிய அளவுக்கே முட்டை வைக்க வேண்டும். சாதாரண நாட்டுப் பெட்டைக்குப் பத்து முதல் பன்னிரண்டு போதும். சிறுவிடைக் கோழிக்கு எட்டு அல்லது ஒன்பது. பதினைந்து வைத்துப் பன்னிரண்டையும் கெடுப்பதைவிட, பத்து வைத்து ஒன்பதைப் பெறுவது மேல்.

கூடை, ஆழமில்லாமலும் அகலமாகவும், கோழி திரும்பி அமரப் போதியதாகவும் இருக்கட்டும். அடியில் இரண்டு அங்குலம் மணலும் சாம்பலும் கலந்து பரப்பி, அதன்மேல் உலர்ந்த வைக்கோலைச் சிறிது குழிவாக அமைக்க வேண்டும். வைக்கோலுக்கு அடியில் உலர்ந்த வேப்பிலை இடுவது செள்ளும் பேனும் அண்டாமலிருக்க உதவும். அடைக்கோழிக்குப் பெரும் எதிரி இவையே. பேன் தொல்லை தாங்காமல்தான் பல கோழிகள் பத்தாம் நாளிலும் பன்னிரண்டாம் நாளிலும் அடையைவிட்டு எழுந்துவிடுகின்றன. பழி மட்டும் கோழியின்மேல் விழுகிறது. அடை வைப்பதற்கு முன்னரே கோழியின் இறகடியைப் பார்த்து, பேன் இருந்தால் கால்நடை மருத்துவரிடம் மருந்து பெற்று ஒழித்துவிட வேண்டும். அருகில் சாம்பலும் மணலும் கலந்த குழி ஒன்று இருந்தால், கோழி எழும்போது அதில் புரண்டு தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும்.

கூடை இருக்கும் மூலை அரை இருட்டாகவும் காற்றோட்டமாகவும் இருக்க வேண்டும். அடுப்பின் அருகும், மழைச் சாரல் படும் திண்ணையும் ஆகா. எலி, பாம்பு, கீரி ஆகியவை அணுகாதபடி காக்க வேண்டும். அடைக்கூடையில் இரும்புத் துண்டும் கரியும் மிளகாயும் போட்டுவைத்தால் இடியால் முட்டை கெடாது என்பது நெடுநாளைய நம்பிக்கை. அவற்றால் கெடுதல் ஒன்றுமில்லை. ஆனால் மழைக்காலத்தில் முட்டையைக் கெடுப்பது இடியன்று. ஒழுகும் கூரையும், ஈரமான வைக்கோலும், நனைந்த கோழியுமே. கூரையைச் செப்பனிடுவது இரும்புத் துண்டைவிட நல்ல காவலாகும்.

அடைக்கோழிக்குக் கம்பு, சோளம், நெல் முதலிய முழுத் தானியமும் சுத்தமான நீரும் அருகிலேயே இருக்க வேண்டும். இரை தேடி நெடுநேரம் அலைந்தால் முட்டை குளிரும். இரை கிடையாமல் பட்டினி இருந்தால் கோழி மெலிந்து, மறுபடி முட்டையிட நாளாகும். இதன்பொருட்டு வங்கதேசக் கிராமங்களில் ஒரு எளிய ஏற்பாடு பரவியுள்ளது. அங்கே களிமண்ணால் அடைச்சட்டி செய்து, அதன் விளிம்பிலேயே இரைக்கு ஒரு கிண்ணமும் நீருக்கு ஒரு கிண்ணமும் சேர்த்து வனைந்துவிடுகிறார்கள். கோழி அமர்ந்தபடியே தின்னலாம், குடிக்கலாம். நம் ஊர்க் குயவர்களுக்கு இதைச் செய்வது கடினமன்று.

கிழமைக் கணக்கு

கோழி முட்டை பொரிவதற்கு 21 நாள். அதாவது சரியாக மூன்று வாரம். ஆகையால் எந்தக் கிழமை மாலையில் முட்டை வைக்கிறோமோ, அதே கிழமையில் குஞ்சு வரும். பஞ்சாங்கமோ நாட்குறிப்போ இல்லாமலே இந்தக் கணக்கை எவரும் நினைவில் வைக்கலாம்.

உதாரணமாக, புதன்கிழமை மாலை வைத்தோமானால், முதல் புதனிரவு முட்டைகளை ஒளியில் சோதிக்க வேண்டும். இருட்டறையில், கைவிளக்கின் முகப்பை ஓட்டையிட்ட அட்டையால் மூடி, அந்த ஓட்டையில் முட்டையின் தடித்த பக்கத்தை வைத்துப் பார்த்தால் உள்ளே தெரியும். கைப்பேசியின் விளக்கும் இதற்குப் போதும். சிலந்தியின் கால்கள்போல் சிவந்த நரம்புகள் பரவியிருந்தால் கரு நலமாக வளர்கிறது. தெளிவாக இருந்தால் கரு இல்லை. நரம்புகளின்றி ஒரு சிவப்பு வளையம் மட்டும் தெரிந்தால் கரு மடிந்துவிட்டது. பின்னிரண்டையும் அகற்றிவிட வேண்டும். இரண்டாம் புதனிரவு மறுபடியும் சோதித்து, வளர்ச்சி நின்றவற்றை எடுத்துவிடலாம். கெட்டவற்றை விட்டுவைத்தால் அவை வெடித்து நல்லவற்றையும் கெடுக்கும். ஒரே நாளில் இரண்டு கோழிகளை அமர்த்தியிருந்தால், முதற்சோதனைக்குப் பின் மிஞ்சிய முட்டைகளை ஒரு கோழிக்கே ஒப்படைத்து, மற்றதற்குப் புதிய முட்டைகள் வைக்கவும் கூடும்.

மூன்றாம் புதனுக்கு இரண்டு நாள் இருக்கும்போதிலிருந்து கூடையைத் தொடாமல் விட்டுவிட வேண்டும். ஓட்டைக் கீறத் தொடங்கிய குஞ்சு வெளிவரப் பல மணி நேரம் ஆகும். அவசரப்பட்டு நாம் ஓட்டைப் பிய்த்தால், உட்சவ்வின் இரத்தக் குழாய்கள் அறுந்து குஞ்சு சாகும். பொரித்த குஞ்சின் வயிற்றில் மஞ்சட்கருவின் மிச்சம் இருப்பதால், இரண்டு நாள் இரையின்றியும் தாங்கும். எல்லாம் பொரித்து உலரும்வரை தாயின் அடியிலேயே இருக்கட்டும்.

நாட்டுக்கோழியைக் கொண்டு வாத்து முட்டையும் வான்கோழி முட்டையும் பொரிக்க வைக்கலாம். அவற்றுக்கு 28 நாள், அதாவது நான்கு வாரம். ஆகையால் கிழமை மாறுவதில்லை.

பொரியாத முட்டை சொல்லும் செய்தி

அகற்றிய முட்டைகளை எறிவதற்கு முன் அவை எந்த நிலையில் கெட்டன என்று கவனித்தால், அடுத்த அடைக்குப் பாடம் கிடைக்கும். முதற்சோதனையில் பல முட்டைகள் தெளிவாக இருந்தால், சேவல் இல்லை அல்லது சேவல் கிழடாகிவிட்டது என்று கொள்ளலாம். வைக்கும் முன்பே கரு மடிந்த பழைய முட்டையும் இவ்வாறே தோன்றுவதுண்டு. தேதி குறித்திருந்தால் இரண்டையும் பிரித்தறிவது எளிது. சிவப்பு வளையம் பலவற்றில் இருந்தால், முட்டை வெப்பத்தில் இருந்தது அல்லது நாள் கடந்தது என்பது பொருள். இரண்டாம் வாரத்திற்குப் பின் பல மடிந்தால், கோழி அடையைவிட்டு எழுந்திருந்தது என்று கருதி, பேன், பசி, கலவரம் இவற்றுள் எது காரணம் என்று ஆராய வேண்டும். முழுக்குஞ்சாகி ஓட்டுக்குள்ளேயே மடிந்தால், முட்டைக்கு ஈரப்பதம் போதாமலிருந்திருக்கலாம். கோடையில் கூடையின் அடிமணலைச் சற்று ஈரமாக்கி வைப்பது இதற்குப் பரிகாரம்.

பொரித்த பின் எட்டு வாரம்

குஞ்சு பொரித்ததோடு நம் வேலை முடிந்ததாக எண்ணுவது பெரும் தவறு. பெரும் சேதம் முதல் சில வாரங்களில்தான் நேருகிறது. தாயோடு குஞ்சுகளை அன்றே தெருவில் விட்டுவிட்டால், காக்கை, பருந்து, பூனை, கீரி ஆகியவற்றுக்கு நாமே இரை கொடுத்தவர்களாவோம். குறைந்தது முதல் இரண்டு வாரம் தாயையும் குஞ்சுகளையும் பஞ்சாரத்தில் வைத்தே இரை கொடுக்க வேண்டும். அதன்பின் சிறிது சிறிதாக வெளியில் விடலாம். இரவில் எலி புகாத கூட்டில் அடைக்க வேண்டும்.

முதல் இரையாக அரிசி நொய், கம்புக் குருணை, கேழ்வரகு ஆகியன ஏற்றவை. ஆனால் தானியம் மட்டும் போதாது. குஞ்சின் வளர்ச்சிக்குப் புரதச் சத்து வேண்டும். இதற்குக் கறையான் நல்ல உணவு. பழம்பானை ஒன்றில் கிழிந்த சாக்கு, உலர்ந்த சாணம், மட்கிய ஓலை ஆகியவற்றை இட்டு, நீர் தெளித்து, கறையான் உள்ள இடத்தில் மாலையில் கவிழ்த்து வைத்தால், மறுநாள் காலையில் பானை நிறையக் கறையான் ஏறியிருக்கும். செலவில்லாத தீவனம் இது. நீர்த்தட்டு ஆழமில்லாததாகவும், உள்ளே கூழாங்கற்கள் இட்டதாகவும் இருந்தால் குஞ்சு நனைந்து சாகாது.

காக்கையையும் பருந்தையும்விடக் கொடியது வெள்ளைக் கழிச்சல் நோய். இராணிக்கேட் நோய் எனப்படுவதும் இதுவே. இது ஒரு வீட்டில் புகுந்தால் தெருவையே வெறுமையாக்கிவிடும். வந்தபின் மருந்தில்லை, வருமுன் காப்பதொன்றே வழி. குஞ்சு பொரித்த ஏழாம் நாள் வாக்கில் லசோட்டா அல்லது எஃப் வகைத் தடுப்பு மருந்தைக் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு விட வேண்டும். எட்டாம் வாரத்தில் ஆர்.2.பி. என்னும் தடுப்பூசி போட வேண்டும். இடையில் மீண்டும் சொட்டு மருந்து வேண்டுமா என்பதைக் கால்நடை மருத்துவர் கூறுவார். மேலே கண்ட கிழமைக் கணக்கு இங்கும் பொருந்தும்: நான்காம் புதன் சொட்டு மருந்து, பொரித்ததிலிருந்து எட்டாம் புதன் ஊசி. தாய்க்கோழிக்கு முட்டையிடுமுன் தடுப்பூசி போட்டிருந்தால், அதன் எதிர்ப்புச் சக்தி மஞ்சட்கரு வழியே குஞ்சுக்கும் சேர்ந்து முதல் சில நாட்கள் காக்கும்.

ஆறு முதல் எட்டு வாரத்தில் குஞ்சுகளைத் தாயினின்றும் பிரித்துவிடலாம். தாய் விரைவில் மீண்டும் முட்டையிடத் தொடங்கும். அடை வைக்க விரும்பாத கோழி அடைகொண்டால், மூக்கில் இறகைச் செருகுவதும் நீரில் முக்குவதும் துன்புறுத்தலேயாகும். வைக்கோல் இல்லாத, காற்றோட்டமான கூண்டில் இரையும் நீரும் கொடுத்துச் சில நாள் வைத்தால் அடை தானே தெளிந்துவிடும்.

தெரு முழுவதும் ஒரே கிழமை

பஞ்சாயத்து உறுப்பினர்கள் சிறப்பாகக் கவனிக்கற்பாலது ஒன்று உண்டு. குஞ்சுகளுக்கு மருந்து போடாமைக்கு மக்களின் அசிரத்தை மட்டும் காரணமன்று. தடுப்பு மருந்துப் புட்டி ஒன்றில் நூறு அல்லது அதற்கு மேற்பட்ட குஞ்சுகளுக்குரிய மருந்து இருக்கிறது. அதைப் பனிக்கட்டியில் வைத்தே கொண்டுவர வேண்டும். கரைத்தபின் இரண்டு மணி நேரத்திற்குள் பயன்படுத்திவிட வேண்டும். எட்டுக் குஞ்சு வைத்திருக்கும் ஒரு தாய்மார் தமக்காக ஒரு புட்டியை எங்ஙனம் வரவழைக்க இயலும்? கால்நடை மருத்துவமனையாரும் எட்டுக் குஞ்சுக்காக ஒரு புட்டியை உடைக்கத் தயங்குவது இயல்பே. இவ்வாறு இருவர் பேரிலும் குற்றமில்லாமலே குஞ்சுகள் மடிகின்றன.

இதற்குத் தெருவார் கூடிச் செய்யும் பரிகாரம் உண்டு. பத்து அல்லது பன்னிரண்டு வீடுகள் சேர்ந்து, ஒரே கிழமையில் அடை வைப்பது என்று தீர்மானித்துக்கொள்ளலாம். முந்தி அடைகொண்ட கோழியை, இரையும் நீரும் கொடுத்து, சில நாட்கள் கற்களின்மேலோ பழைய முட்டைகளின்மேலோ அமர்த்தி நிறுத்திவைக்கலாம். ஒரு வாரத்திற்கு மேல் நீட்டிக்கலாகாது. பத்துக் கோழிகளும் ஒரே கிழமையில் அமர்ந்தால், எண்பது, தொண்ணூறு குஞ்சுகள் ஒரே கிழமையில் பொரியும். ஒரே கிழமையில் ஏழு நாள் வயதடையும். அப்போது ஒரு புட்டி மருந்து தெரு முழுவதற்கும் போதும். கால்நடை ஆய்வாளர் ஒருமுறை வந்து போனால் போதும். குஞ்சுகள் ஒரே வயதினவாக இருப்பதால் விற்பனைக்கும் வசதி. வாங்குவோர் தெருவைத் தேடி வருவர்.

இந்த ஏற்பாட்டைத் தொடங்கி வைக்கும் பொறுப்பை மகளிர் சுய உதவிக் குழுக்கள் ஏற்கலாம். பஞ்சாயத்து துணை நிற்கலாம். எந்தெந்த வீட்டில் கோழி அடைகொண்டது, எத்தனை முட்டை வைத்தது, எத்தனை பொரித்தது, எட்டாம் வாரத்தில் எத்தனை நின்றன என்று ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வந்தால், எங்கே சேதம் நேருகிறது என்பது ஓராண்டில் கண்கூடாகத் தெரியும். சேவல் மாற்றிக்கொள்ளும் ஏற்பாட்டையும் பஞ்சாயத்தே குக்கிராமங்களுக்கிடையே செய்து வைக்கலாம். ஆண்டுதோறும் பிப்ரவரி மாதத்தில் கால்நடை பராமரிப்புத் துறையினர் கோழிக் கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்துவது வழக்கம். அந்நாட்களை முன்னதாக அறிந்து தண்டோரா மூலமோ ஒலிபெருக்கி மூலமோ தெரிவித்து, எட்டு வாரம் கடந்த கோழிகள் ஒன்றுகூட விடுபடாமல் பார்த்துக்கொள்வது உறுப்பினர்களின் கடமை. தெருவில் கோழிகள் கூட்டமாக மடியத் தொடங்கினால், அவற்றை விற்கவோ அடுத்த ஊருக்குக் கொண்டுபோகவோ விடாமல், உடனே கால்நடை மருத்துவருக்கு அறிவிக்கவும் வேண்டும்.

மார்கழி, தை, மாசி மாதங்கள் மழை ஓய்ந்து குளிர்ச்சியாக இருப்பதால் அடை வைக்க மிகவும் ஏற்றவை. மார்கழி பிறப்பதற்கு முன்னரே சேவலை மாற்றி, கோழிகளுக்குத் தடுப்பூசி போட்டு, மணல் தொட்டியைத் தயார் செய்துகொண்டு, தெருவார் கூடிக் கிழமையைக் குறித்துக்கொள்வார்களாயின், பன்னிரண்டில் இரண்டு என்ற கணக்கு மாறும்.

இவற்றுள் எதற்கும் பெரும் பணம் வேண்டியதில்லை. பென்சில் ஒன்று, மணல் தொட்டி ஒன்று, பஞ்சாரம் ஒன்று, கிழமை தவறாத கவனம் ஒன்று. இவையே வேண்டுவன. கோழி தன் 21 நாள் கடமையைக் காலங்காலமாகத் தவறாது செய்து வருகிறது. நமது கடமையை நாமும் அவ்வாறே செய்வோமாக.